பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை

அப்பா எங்களைப் பாலைவனம் காட்டக் கூட்டிப்போனபோது என் தம்பி இறந்து மூன்று கிழமைகூட ஆகியிருக்கவில்லை. பிறந்து ஒரு நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. நான் அவனைப் பார்க்கவும் இல்லை. சின்னப் பிள்ளைகளை ஆசுப்பத்திரிக்குள் விடமாட்டோம் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. குவைத்தில் ஃபர்வானியாவில் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு ஒரு கட்டட நிறுவனத்தின் களஞ்சியத்தில் எழுத்து வேலை. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய்வருவது பெரும்பாடாகிவிட்டிருந்தது. அதனால் பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவை ஊருக்கு அனுப்பவில்லை.

"இஞ்சை ஆசுப்பத்திரி திறம். அங்கை நோ கண்டு போகேக்கை ரோட்டிலை மறிச்சு வைச்சா என்ன செய்யிறது?" என்று அப்பா கேட்டார். அம்மாவும் ஓமென்றார். பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு, எந்த நாட்டில் பிறந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டார். அம்மா கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அம்மா ஆசுப்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னமே அப்பா தொட்டிலைக் கழற்றிக் கட்டி மொட்டைமாடியில் போட்டுவிட்டார். அம்மா வந்து, தொட்டில் நின்ற மூலையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருவரும் நேரே கதைப்பதை விட்டுவிட்டார்கள். சண்டையென்று எதுவும் இல்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று அம்மா என்னிடம் சொல்வார். "அம்மாவுக்குத் தேத்தண்ணி வேணுமோ எண்டு கேள்" என்று அப்பா என்னிடம் சொல்வார். இருவரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

பால் நிற்கவில்லை. ஊரிலென்றால் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவார்களாம். ஃபர்வானியாவில் மல்லிகைக்கு எங்கே போவது? கீழ்வீட்டு அன்ரி கோவா இலையை, முட்டைக்கோசு இலையைத்தான், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அது சில்லிட்டதும் எடுத்து வைத்துக் கட்டச் சொன்னார். இலை எடுத்துக் கொடுப்பது என் வேலை. வாடிய இலைகளை அம்மா திருப்பித் தரும்போது அவை அவித்ததுபோல் சூடாக இருக்கும்.

மாசி மாதம். இரண்டு நாள் நல்ல மழை பெய்து பாலைவனம் பச்சை பிடித்திருக்கிறது என்று அப்பாவின் கந்தோரில் கதைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் குவைத்தில் மழைக்குப் பின் ஊரே வனாந்தரத்துக்குக் கிளம்பும். கிழமைக்கணக்கில் கூடாரமடித்துத் தங்குவார்கள். அப்பா சைட்டிலிருந்து ஒரு கூடாரத்தையும் கம்பனி பிக்கப்பையும் வெள்ளிக்கிழமைக்கு இரவல் வாங்கிவந்தார்.

"பச்சை உடம்புக்காரியைக் கொண்டுபோய்க் காத்துக்கை வைக்கப் போறியளோ?" என்று கீழ்வீட்டு அன்ரி படியில் மறித்துக் கேட்டார்.

"வீட்டுக்கை இருந்தா பைத்தியம் பிடிச்சிடும் அன்ரி" என்றார் அப்பா. யாருக்கு என்று சொல்லவில்லை.

பிக்கப்பின் முன்சீட்டில் மூவரும் நெருக்கியடித்து இருந்தோம். நான் நடுவில். ஜஹ்ரா ஊர் தாண்டியதும் அப்பா சுற்றுலாக்காரருக்குக் காட்டுகிறவர்போல ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். அதோ ஒட்டகம். அதோ எண்ணெய்க் கிணற்றில் வாயு எரிக்கும் தீ. முத்லா மேட்டில் வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் ஒருபக்கம் கடல் வெளுத்த தகடுபோல் கிடந்தது. மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை மண். மண்ணின் மேல் மஞ்சள் பூக்கள், யாரோ கைநிறைய அள்ளி எறிந்ததுபோல். நான் பூப்பறிக்க ஓடினேன். அப்பா என் பின்னால் வந்து, "அம்மாவுக்குக் காட்டு, அம்மாவுக்குக் காட்டு" என்றார்.

அம்மா அப்பாவின் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு வண்டியில் சாய்ந்து நின்றார். நான் நீட்டிய பூக்களைப் பார்த்தார்.

"வந்து பாத்தாச்சுத்தானே" என்றார்.

அப்பா அதைக் காதில் வாங்காததுபோல் வண்டியை எடுத்தார்.

இன்னும் கொஞ்சத் தூரம் உள்ளே போய், காற்று குறைவான ஒரு பள்ளத்தில் கூடாரம் அடித்தோம். அப்பா முளைகளை அறைந்தார், நான் கயிறு பிடித்தேன். கூடாரத்தில் சீமெந்து நாற்றம். உள்ளே பாய் விரித்து அம்மாவை இருத்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, தானே பொரித்த முட்டையைக் குபூஸ் ரொட்டியில் சுற்றி அப்பா கொடுத்தார். ரொட்டிக்குள் மண் நறநறத்தது.

கூப்பிடு தூரத்தில் கறுப்பு ஆட்டுமயிர்க் கூடாரங்கள் இரண்டு நின்றன. அருகே ஒரு தண்ணீர்ப் பவுசர் வண்டி. செம்மறி ஆடுகள். அங்கிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. முதலில் சாதாரண அழுகைதான். நாங்கள் சாப்பிட்டு முடித்தும் அது நிற்கவில்லை. இடையில் மூச்சு வாங்கக் கொஞ்சம் ஓயும். பிறகு இன்னும் மேலேறும்.

அம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார். கோட்டின் பொத்தான் திறந்திருந்தது. அம்மாவின் சட்டையில் இரண்டு ஈரவட்டங்கள் தோன்றிப் பெருத்துக்கொண்டு வருவதை நான் கண்டேன். அப்பாவும் கண்டார்.

"வேறை இடத்துக்குப் போவமே?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "ஏன்? எங்கை போனாலும் கேக்கத்தான் போகுது."

"இல்லை, உமக்கு..."

"அதுக்குப் பசி."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

அம்மா எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் அந்தக் கறுப்புக் கூடாரங்களை நோக்கி நடந்தார். அப்பா பின்னால் ஓடினார். "இஞ்சேரும், நில்லும். ஆரெண்டு தெரியாது, பாஷை தெரியாது. கேட்டுக்கொண்டு போவம், நில்லும்!" அம்மா நிற்கவில்லை. நான் அப்பாவின் செருப்பொலிக்குப் பின்னால் ஓடினேன்.

கூடாரத்து வாசலில் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றார். முகத்தைக் கறுப்புத் துணி மூடியிருந்தது. களைத்த கண்கள் மட்டும் தெரிந்தன. அம்மா அவர் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். அந்தப் பெண் பின்வாங்கினார். பிறகு அம்மாவின் சட்டையைப் பார்த்தார். கண்கள் மாறின. அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். பெண்பிள்ளைதானே, நானும் கூடவே போனேன்.

பெண்கள் இருக்கும் இடத்துக்குள் அப்பாவால் வரமுடியாது. வெளியே, தடித்த கம்பளித் துணிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அவருக்குத் தெரிந்தது களஞ்சியத்து அரபும் கடைத்தெரு அரபும்தான். அதை வைத்துக்கொண்டு துணியின் ஊடாக அந்தப் பெண்ணோடு கதைத்து, எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அந்தப் பெண் குழந்தையின் மாமி, தகப்பனின் மூத்த சகோதரி. குழந்தையின் தாய்க்குக் கடும் காய்ச்சல். விடியவே தகப்பன் ஜஹ்ரா ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டான். குழந்தை போத்தலை வாயில் வைக்க விடுகிறதில்லை. ஆட்டுப்பாலைக் கரண்டியால் கொடுத்துப் பார்த்தாயிற்று, துப்புகிறது.

மாமி ஏதோ ஒரு கேள்வி கேட்டார். அப்பா அதைத் தமிழில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார்.

"என்ன கேக்கிறா?" என்றார் அம்மா.

"உம்மடை பிள்ளை எங்கையெண்டு கேக்கிறா."

"சொல்லுங்கோவன்."

அப்பா அரபுக்கு மாறினார். "பேபி மாஃபி" என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியும். கடைக்குப் போனால் சீனி மாஃபி என்பார்கள். குழாயில் வராதபோது தண்ணி மாஃபி. கம்பனியில் லீவு மாஃபி. இல்லை என்பதற்கு எல்லாரும் சொல்லும் சொல். மாமிக்கு அது விளங்கவில்லை. இங்கே இல்லையா, வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்களா, உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அப்பா இல்லை, இல்லை என்றார். கடைசியில் செத்துப்போச்சு என்பதற்கான அரபுச் சொல்லைச் சொன்னார். அதைச் சொன்னபோது அவருடைய குரல் உடைந்து மேலே போனது. எங்கள் வீட்டில் எந்தப் பாஷையிலும் யாரும் அந்தச் சொல்லை அதுவரை சொன்னதில்லை.

மாமி தன் நெஞ்சில் கையை வைத்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு குழந்தையை அம்மாவின் மடியில் வைத்தார்.

அவன் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிவந்த முகம், எண்ணெய் தடவிய கறுத்த முடி, கண்ணோரம் மை. அம்மா அவன் கன்னத்தை விரலால் தொட்டார். அவன் வாயைத் திறந்து தேடினான், பிடித்தான். அழுகை வெட்டினாற்போல் நின்றது. வெளியே ஆடுகள் மேயும் சத்தம் அப்போதுதான் கேட்டது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். வலித்திருக்க வேண்டும்.

பிள்ளை குடித்து முடிக்கும் முன்பே மாமி ஒரு விரலை உயர்த்தி ஏதோ விளக்கத் தொடங்கினார். அப்பா இரண்டு மூன்று முறை திருப்பிக் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டார்.

"அவையின்ரை முறையாம். வேறொரு பொம்பிளை ஐஞ்சு தரம் வயிறு நிறையப் பால் குடுத்தா அவவும் அந்தப் பிள்ளைக்குத் தாயாம். அவவின்ரை பிள்ளையள் சகோதரங்களாம். பிறகு கலியாணம் கிலியாணம் கட்டேலாதாம். அதைச் சொல்லாமல் விடக்கூடாதாம். சம்மதமோ எண்டு கேக்கிறா."

மாமி என்னையும் குழந்தையையும் மாறி மாறிச் சுட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பசிச்ச பிள்ளைக்குப் பால் குடுக்கச் சம்மதம் என்னத்துக்கு?" என்றார் அம்மா. ஆனாலும் மாமியைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று மதியம் முழுவதும் நாங்கள் அந்தக் கூடாரத்தில்தான் இருந்தோம். மாமி ஒரு பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் வைத்தார். அப்பாவுக்கு ஒரு தட்டு வெளியே போயிற்று. குழந்தை தூங்கி எழுந்தது, மறுபடி குடித்தது. மாமி ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்கினார். இடையில் அவரும் களைப்பில் சரிந்து தூங்கிவிட்டார்.

நான் கூடார ஓரத்தில் படுத்துக்கிடந்தேன். நானும் தூங்குகிறேன் என்று அம்மா நினைத்திருப்பார்.

"இருக்கிறியளோ?" என்றார் அம்மா, துணியைப் பார்த்து.

"ஓம். இஞ்சைதான் இருக்கிறன்." அப்பா துணிக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் துணி உள்வாங்கியிருந்தது.

"எங்கை வைச்சியள்?"

அப்பா என்ன என்று கேட்கவில்லை. "மற்ற நாட்டுக்காரருக்கெண்டு ஒரு இடம் இருக்கு. ஊருக்கு வெளியாலை. மதில் கட்டியிருக்கு" என்றார்.

"ஆர் தூக்கினது?"

"நான்தான். சைட்டிலையிருந்து ரெண்டு பேர் வந்தவங்கள். அவங்கள் தூக்கிறமெண்டாங்கள், நான் குடுக்கேல்லை. தூக்கிறதுக்கு அங்கை ஒண்டும் இல்லையப்பா. பாரமே இல்லை."

அம்மா மடியில் இருந்த குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்ன துணியிலை சுத்தினியள்?"

"உம்மடை நீலச் சீலை. அதைக் கிழிச்சு."

"எந்த நீலம்?"

"கலியாணத்துக்கு அடுத்த நாள் உடுத்தது."

அம்மா குழந்தையின் பாதத்தை உள்ளங்கையில் பொத்தினார். "அது நல்ல சீலை" என்றார்.

"ஓம். அதாலைதான்."

"தலை எந்தப் பக்கம்?"

"தெரியேல்லையப்பா." அப்பாவின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. "அண்டைக்கு எனக்குத் திசை தெரியேல்லை."

துணி அசைந்தது. அப்பா எழுந்து போய்விட்டாரோ என்று நினைத்தேன். போகவில்லை. அவருடைய முதுகு குலுங்கியது. அம்மா குழந்தையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையை அந்தத் துணியில், அப்பாவின் முதுகு தெரிந்த இடத்தில் வைத்தார். அந்தத் தடித்த துணிக்கு மேலால் அப்பாவுக்கு அது தெரிந்ததோ என்னவோ. அம்மா கையை எடுக்கவில்லை. "தொட்டிலை என்னத்துக்குக் கழட்டினியள்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. "ஒருக்காப் பாத்திட்டுக் கழட்டியிருப்பன்தானே, நானும்."

"நீர் பாக்கக்கூடாதெண்டுதான்..." என்று தொடங்கிய அப்பா முடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரம் தகப்பன் வந்துவிட்டான். மெலிந்த, இளம் ஆள். கையில் இரண்டு பால்மாப் பேணிகள். வெளியில் நின்றே மாமியோடு கதைத்தான். மனைவிக்குக் காய்ச்சல் இறங்குகிறது, நாளைக்கு விடுவார்கள் என்று சொன்னானாம். மாமி நடந்ததைச் சொன்னதும் அவன் அப்பாவிடம் வந்தான். அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். கூடாரப் பக்கம் திரும்பாமல், நிலத்தைப் பார்த்தபடி, அம்மாவுக்காக நீளமாக ஏதோ சொன்னான். அப்பாவுக்கு அதில் பாதிதான் விளங்கியது.

மாமி அம்மாவின் முன்னால் வந்து இருந்து கையை நீட்டிக் காட்டினார். நான்கு விரல்கள் மடங்கியிருந்தன. கட்டைவிரல் மட்டும் நின்றது. குழந்தையைக் காட்டினார், அம்மாவைக் காட்டினார், கட்டைவிரலை ஆட்டினார்.

"இன்னும் ஒருக்காத்தானாம் மிச்சம்" என்றார் அப்பா வெளியிலிருந்து. "எழுப்பிக் குடுத்திட்டுப் போகச் சொல்லுறா. பிறகு நீர் எப்பவும் வந்து பாக்கலாமாம். உரிமை இருக்காம்."

குழந்தை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல நித்திரை. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை.

"வேண்டாம்" என்றார் அம்மா. "நித்திரையிலை எழுப்பக்கூடாது. நாளைக்குத் தாய் வந்திடுவா."

அப்பா அதை அரபில் சொன்னார். மாமி அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு தன் முகத்துணியை விலக்கி, அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார். நாங்கள் நினைத்ததைவிட இளமையான முகம் அது. அம்மா குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். அவன் முழிக்கவேயில்லை.

எங்கள் கூடாரத்தைக் கழற்றி ஏற்றும்போது அம்மா பாயைச் சுருட்டித் தந்தார். பிக்கப் தார் வீதிக்கு ஏறியதும் அழத் தொடங்கினார். அதற்கு முன் நான் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை. நான் இருக்கிறேன் என்ற நினைவே இல்லாமல் வாய்விட்டு அழுதார். அப்பா வீதியோரம் நிறுத்தினார். லொறிகள் கடந்து போகும்போது பிக்கப் ஆடியது. நடுவில் இருந்த என்னைத் தாண்டி அப்பா கையை நீட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. தூரத்து எண்ணெய்த் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி அம்மாவே கேட்டார். "ஒருக்காப் போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வருவம்." ஒரு சின்னச் சட்டையும் தைத்து வைத்திருந்தார். அப்பா மறுபடி பிக்கப்பை வாங்கி வந்தார். இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டமிருக்கவில்லை. ஆனால் அங்கே கூடாரங்கள் இல்லை. அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, முளை பிடுங்கிய குழிகள். பூக்களை ஆடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. அவ்வழியே வந்த ஓர் இடையனை அப்பா விசாரித்தார். புல் தேடி வடக்கே போயிருப்பார்கள் என்றான். வடக்கே எங்கே என்று கேட்டதற்கு அவன் கையை வீசிக் காட்டினான். அந்தப் பக்கம் முழுவதும் வெறும் மண்.

"தாய் சுகமாய் வந்திட்டாவெண்டுதானே அர்த்தம்" என்றார் அம்மா. சட்டையைப் பைக்குள் வைத்தார். "அந்த இடத்துக்குப் போவம்."

எந்த இடம் என்று அப்பா கேட்கவில்லை.

மதில் சூழ்ந்த அந்த இடுகாட்டில் ஒரு மூலை குழந்தைகளுக்கு. சின்னச் சின்ன மண்மேடுகள். மூன்று நாலு கிழமைக் காற்று எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஆக்கியிருந்தது. சில மேடுகளில் கல் இருந்தது, பலவற்றில் ஒன்றுமில்லை. அப்பா வரிசைகளுக்கிடையே நடந்தார், திரும்பி வந்தார், மதிலில் இருந்து கணக்குப் பார்த்தார். கடைசியில் ஓரிடத்தில் நின்றார்.

"இதுதான்" என்றார். பிறகு பக்கத்தில் இருந்ததைப் பார்த்தார். "இல்லாட்டி இது. நான் ஒரு கல்லு வைச்சனான். கல்லைக் காணேல்லை." அப்பா மண்ணைக் கையால் கிளறிக் கல்லைத் தேடத் தொடங்கினார்.

"தேடாதேங்கோ, விடுங்கோ" என்றார் அம்மா. இரண்டு மேடுகளுக்கும் நடுவில் இருந்து, இரண்டு கைகளையும் இரண்டு பக்கமும் வைத்தார். "ரெண்டும் பிள்ளையள்தானே."

அப்பா எங்களுக்குச் சற்றுத் தள்ளி மண்ணில் இருந்தார். நான் யாரோடு இருப்பது என்று தெரியாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டு மடியில் இருத்தினார். கோவா இலை மணம் அப்போது அவரில் இல்லை. பால் அந்தக் கிழமையிலேயே வற்றிவிட்டிருந்தது.

அதன்பின் எங்கள் வீட்டில் பிள்ளை பிறக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் நேரே கதைத்தார்கள். நான் தூது போக வேண்டியிருக்கவில்லை. குவைத்தில் இருந்த வரைக்கும், மழை பெய்த ஒவ்வொரு வருடமும் முத்லா மேட்டுக்குப் போனோம். ஆட்டுமயிர்க் கூடாரம் கண்ட இடமெல்லாம் அப்பா வண்டியை மெதுவாக ஓட்டுவார். அம்மா கண்ணாடியை இறக்கி, அங்கே விளையாடும் பிள்ளைகளில் அந்த வயதுப் பையன்களை மட்டும் பார்ப்பார். ஒருவரும் அவனைப்போல் இருக்கவில்லை. எல்லாரும் அவனைப்போலவும் இருந்தார்கள்.